ஏரிக் கோடியை உயர்த்தியவள்

பஞ்சத்தில் ஒருத்தி சரியாகக் கற்றுக்கொண்ட பாடம் மழை வந்ததும் தப்பாகிப் போனால், அவள் கற்றது பாடமா, அல்லது அந்த வருஷத்தின் நிலவரம் மட்டும்தானா? சந்திரம்மாவின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. சந்திரம்மாவுக்கு எழுந்ததா என்பது வேறு விஷயம். அதற்கெல்லாம் அவளுக்கு நேரம் இருந்ததில்லை. இருந்திருந்தாலும் அந்த நேரத்தில் களை பிடுங்கியிருப்பாள்.

சந்தாபுராவிலிருந்து ஆனேக்கல் போகிற ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் புங்கன்கெரை என்று ஒரு சின்ன ஏரி. ஊருக்கும் அதே பெயர். பாதி வீடுகளில் தமிழ், மீதி வீடுகளில் கன்னடமும் தெலுங்கும். சண்டை என்று வந்தால் எல்லா வீட்டிலும் மூன்றும். ஏரிக்கரையின் நடுவில் மதகு. மதகடியில் நிலம் வைத்திருப்பவர்களுக்குத் தண்ணீர் முதலில் போகும். கரையின் வடக்கு முனையில் கோடி. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியே போவதற்காகக் கரையைவிடத் தாழ்வாகக் கல் அடுக்கிய இடம் அது. அந்தக் கோடிக்குக் கீழேதான் சந்திரம்மாவின் முக்கால் ஏக்கர். மதகுத் தண்ணீர் ஊரையெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் அவளிடம் வரும். வழிகிற தண்ணீரோ நேராக அவள் வரப்பை உரசிக்கொண்டு ஓடையில் போய் விழும்.

"எனக்கு வேணுங்கிற தண்ணி வராது. வேணாங்கிற தண்ணி வாசல்லயே நிக்கும்" என்பாள்.

அவள் புருஷன் பச்சைமுத்துவுக்கு அந்த நிலத்தின்மேல் நம்பிக்கை கிடையாது. சுதந்திரம் வந்த வருஷமே பெங்களூருக்குப் போய் காக்ஸ் டவுனில் ஒரு பங்களாவில் தோட்டக்காரனாகச் சேர்ந்துவிட்டான். பக்கத்து ஜீவனஹள்ளியில் ஒரு அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து வருவான். ஞாயிற்றுக்கிழமை நிலத்தை ஒரு சுற்றுப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுத் திரும்பிப் போவான். "அங்க ரூம்புக்கு எதுத்தாப்புலயே குழா. திருப்பினா தண்ணி. நீ இங்க வானத்தப் பாத்துக்குனு உக்காந்திரு" என்பது அவன் வழக்கமான விடைபெறுதல். அவன் சொன்னதில் தப்பு இல்லை என்று அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் போகாமல் இருந்தாள்.

ஐம்பத்திரண்டில் மழை பொய்த்தது. ஆடியில் வரவேண்டியது வரவில்லை. புரட்டாசியில் வந்தது புழுதியை அடக்கியதோடு சரி. ஏரியில் மதகை ஒட்டிக் கொஞ்சம் தண்ணீர் நின்றது. அப்படிப்பட்ட வருஷங்களில் புங்கன்கெரையில் பங்குப்பயிர் வைப்பார்கள். ஏரித் தண்ணீர் எவ்வளவு நிலத்துக்குக் காணுமோ அவ்வளவு நிலத்தை மதகடியில் அளந்து, அது யாருடையதாக இருந்தாலும் வீட்டுக்கு ஒரு துண்டு என்று பிரித்துக்கொள்வார்கள். நெல்லை மறந்துவிட்டு ராகி நடுவார்கள். மழை வந்ததும் துண்டுகள் மறைந்து நிலம் பழையபடி உடையவனிடம் போய்விடும்.

மதகடி முதல் நிலம் சின்னப்பாவுடையது. ஆகவே ஒவ்வொரு பஞ்சத்திலும் முதலில் கொடுக்கிறவன் அவன். கொடுக்க மறுத்ததில்லை, வாயை மூடிக்கொண்டு கொடுத்ததும் இல்லை. ஏரித் தண்ணீரைத் திறந்து முறைவைத்து விடுகிற நீர்ப்பாய்ச்சி முனியப்பன் கயிறு பிடித்து அளக்க, சின்னப்பா வரப்பில் நின்றுகொண்டு கத்துவான்.

"அளடா, அளடா. எங்கப்பன் சம்பாரிச்சது ஊருக்கு. நான் பொண்டாட்டியோட போயி கோடியில உக்காந்துக்கறேன். ஏம்மா சந்திரம்மா, உன் நெலத்துல உக்கார எடம் குடுப்பியா?"

"வாங்கண்ணா. நெழலுதான் இல்ல. கொடை எடுத்துக்குனு வாங்க."

அந்த வருஷம் ஆண்கள் பாதிப்பேர் செங்கல் சூளைக்கும் கல் உடைக்கவும் போய்விட்டார்கள். பெண்கள் துண்டு துண்டாக நின்ற ராகிக்குக் குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றினார்கள். சின்னப்பாவின் நிலத்தில் தனக்குக் கிடைத்த துண்டில் சந்திரம்மா ராகியின் நடுவே அவரைக்கொட்டை ஊன்றினாள். ராகி அரைகுறையாகத்தான் வந்தது. மார்கழிப் பனி ஒன்றைக் குடித்தே அவரை காய்த்தது. ஊர் உயிரோடு இருந்தது. அதற்குமேல் அந்த வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த வருஷம் ஏரி நிரம்பியது. கோடி வழிந்தால் ஊரில் கங்கம்மாவுக்குப் பூசை உண்டு. வழிகிற தண்ணீரில் மஞ்சளும் பூவும் விட்டு, ஆடு வெட்டி, கோடிக் கல்லின்மேலேயே எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது சந்திரம்மா இலையை மடித்துவிட்டு வழிகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வருசம் இந்தத் தண்ணி ஒரு குடத்துக்கு நாம அடிச்சிக்கிட்டோம்" என்றாள். "இப்போ ஊரத் தாண்டிப் போவுது. நாம பூப் போட்டு வழியனுப்பறோம். இந்தக் கல்லு மேல ரெண்டு மொழம் ஏத்தினா இன்னா?"

சின்னப்பாவின் மனைவி லட்சுமம்மாதான் முதலில், "நல்லாத்தான் சொல்றா" என்றாள். முனியப்பன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: ஈச்சமரத் துண்டுகளைக் குறுக்கே போட்டு மண் அணைக்கலாம், ஆனால் ஐப்பசி மழை வலுத்தால் துண்டுகளை உருவிவிட வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள்.

இந்த யோசனையில் சந்திரம்மாவின் சொந்த லாபமும் இருந்தது. ஏரி மட்டம் உயர்ந்தால் கடைசி நிலமான அவளுடையதற்கும் மதகுத் தண்ணீர் எட்டும். அதை அவள் மறைக்கவுமில்லை, சொல்லவுமில்லை. ஊருக்கும் லாபம், தனக்கும் லாபம் என்றால் தன்னுடையதை எதற்காகத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பாள். அப்படி நினைப்பவர்கள் உலகத்தில் ஏராளம். அவள் அவர்களைவிட மேலும் இல்லை, கீழும் இல்லை.

கோடி உயர்ந்தது. முதன்முறையாகச் சந்திரம்மா இரண்டு போகம் எடுத்தாள். சித்திரையிலும் ஏரியில் தண்ணீர் நின்றது. முதல் வருஷம் ஐப்பசியில் துண்டுகளை உருவப் போனபோது யாரோ, "இன்னும் ஒரு வாரம் பாக்கலாமே" என்றார்கள். அந்த வாரத்தில் மழை பெய்யவில்லை. இரண்டாம் வருஷம் யாரும் உருவப் போகவேயில்லை. வெயிலில் உலர்ந்த மண்ணுக்கு மேல் இன்னும் மண் போட்டார்கள். புல் முளைத்து, துண்டுகள் இருந்த இடமே தெரியாமல் போயிற்று. பஞ்சம் கண்டவர்களுக்குத் தண்ணீரைத் திறந்துவிடக் கை வராது. கோடி வழியாததால் கங்கம்மாவுக்குப் பூசையும் இல்லாமல் போனது. "அம்மாவப் பட்டினி போட்டுட்டீங்க" என்று லட்சுமம்மா சிரிப்பாள். சிரிப்போடு போய்விடும்.

ஐம்பத்தாறு ஐப்பசியில் மழை பிடித்தது. நிற்காத மழை. சந்திரம்மாவின் வயலில் நெல் பால் பிடிக்கிற பருவம். மூன்றாம் நாள் காலை முனியப்பன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வீடுவீடாக வந்து எல்லோரையும் கரைக்குக் கூப்பிட்டான். ஏரி கரையின் உச்சிக்கு ஒரு முழம் கீழே நின்றது. மதகுக்குப் பக்கத்தில், கரையின் வெளிப்புறத்தில், தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே சின்னப்பாவின் நிலம், அதையடுத்து வீடுகள்.

"கோடிய வெட்டிடலாம்" என்றான் முனியப்பன்.

எல்லோரும் சந்திரம்மாவைப் பார்த்தார்கள். ஏன் பார்த்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். பழைய கோடியில் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்த தண்ணீர் அவள் வரப்போரம் அடக்கமாகப் போய்விடும். இப்போது வெட்டினால் இரண்டு முழத் தண்ணீரும் அணைத்த மண்ணோடு ஒரே மூச்சில் அவள் வயலின்மேல் விழும்.

"கசிவுதானே?" என்றாள். "எந்தக் கரைதான் கசியல? மழை வுடும். மேக்கால வெளுத்துக்குனு வருது பாரு."

"எங்க வெளுக்குது?" என்று சின்னப்பா கத்தினான். "உன் கண்ணுலதான் வெளுக்குது. மண்ணு போடுங்கன்னு சொன்னவ நீதானே?"

"நான் சொன்னேன். நீ சுமந்தே. வேணாம்னு அப்போ ஒரு வார்த்த சொன்னியா? ரெண்டு போகம் நீயுந்தானே அறுத்தே?"

"அறுத்தேன். இல்லன்னா சொன்னேன்? இப்போ எங்க வூட்டு மேல வருதே, அதுக்கு இன்னா சொல்றே?"

"ஒரு பொழுது குடுங்க. பச்சையாவாச்சும் அறுத்துக்கறேன். மாட்டுக்காவது ஆவும்."

அந்த ஒரு பொழுதைக் கொடுப்பதா என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே அவள் கரைச் சரிவில் இறங்கிக் கசிவின் பக்கம் போனாள். கசிவால் ஆபத்து இல்லை என்று காட்டுவதற்காகத்தான் போனாள். குனிந்து இரண்டு கையிலும் அந்தத் தண்ணீரை ஏந்தினாள். தெளிந்த தண்ணீர் கசிந்தால் கரை வியர்க்கிறது என்று விட்டுவிடலாம். கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று பொருள். அவள் கையில் இருந்தது காப்பி நிறத்தில் இருந்தது. அதைக் கொட்டிவிட்டு மறுபடி ஏந்திப் பார்த்தாள். அதே நிறம்.

மேலே ஏறி வந்து, "வெட்டுங்க" என்றாள். மண்வெட்டியைத் தான் எடுக்கவில்லை. வெட்டுகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மழையில், ஏரியைப் பார்த்து நின்றாள். தண்ணீர் பாய்கிற சத்தம் கேட்டதும் உட்கார்ந்துவிட்டாள்.

கரை நின்றது. வீடுகள் நின்றன. மழை ஓய்ந்து பார்த்தபோது சந்திரம்மாவின் முக்கால் ஏக்கர்மேல் முழங்கால் அளவு மணலும், கல்லும், நடுவில் ஒரு ஈச்சமரத் துண்டும் கிடந்தன.

சனிக்கிழமை வந்த பச்சைமுத்து அதைப் பார்த்துவிட்டு வழக்கம்போல உதட்டைப் பிதுக்கவில்லை. அவளைத் திட்டவுமில்லை. "துணிய எடுத்துக்கோ" என்றான். அவளும் எடுத்துக்கொண்டாள். வேறு நிலம் இல்லாதவள் ஊரில் இருந்தால் மற்றவர் வயலில் கூலிக்குப் போக வேண்டும். அதற்கு ஜீவனஹள்ளி மேல் என்று அவளுக்குத் தோன்றியது. இனித் திரும்பப் போவதில்லை என்று இரண்டு பேருமே நினைத்தார்கள்.

காக்ஸ் டவுன் பங்களாவின் எஜமானி மௌரீன் அம்மா அவளுக்கும் தோட்டத்தில் வேலை கொடுத்தாள். ரோஜாச் செடிகளுக்குப் பூவாளியால் தண்ணீர் விடும் வேலை. "ஜாஸ்தி ஊத்தாதே, வேர் அழுகிடும்" என்று மௌரீன் அம்மா தன் அரைகுறைத் தமிழில் சொன்னபோது சந்திரம்மா தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத் தெரியும்மா" என்றாள்.

புங்கன்கெரையில் தை மாதம் ஊர் கூடியது. கோடியைப் பழைய மட்டத்துக்கே கட்டுவது என்று முடிவாயிற்று. அதன்பிறகு லட்சுமம்மா வாயைத் திறந்தாள்.

"சந்திரம்மாவுக்குப் பங்கு வெக்கணும். ஒவ்வொரு வீடும் அவளுக்கு ஒரு துண்டு குடுக்கணும். அவ மணல வாரி முடிக்கிற வரைக்கும்."

"இது எங்க இருக்குற வழக்கம்?" என்றான் சின்னப்பா. "தண்ணி இல்லாத வருசத்துக்குத்தான் பங்கு. ஏரி தளும்பிக்குனு இருக்கும்போது பங்குன்னு யாராச்சும் கேட்டதுண்டா?"

"மணல் மூடின நெலத்துக்கு ஏரி தளும்பினா இன்னா, வத்தினா இன்னா? அவளுக்கு இது பஞ்சந்தான்."

"அவதானே ஒசத்தச் சொன்னா?"

"அவ சொன்னா. வெட்டறப்ப அவ நெலத்து மேலதான் வெட்டி வுட்டோம். வெட்டலன்னா நீ இப்போ எங்க உக்காந்து பேசிக்குனு இருப்பே, சொல்லு. ஓடையிலயா?"

கூட்டம் சிரித்தது. சின்னப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதனாலேயே கோபம் கூடியது. பஞ்சத்துக்கென்று இருந்த வழக்கத்தை வெள்ளத்துக்கும் நீட்டுவது என்று அன்று தீர்மானித்தார்கள். சந்திரம்மாவைக் கூப்பிட்டு வர யார் போவது என்ற பேச்சு வந்தபோது முனியப்பன் கூசாமல், "சின்னப்பண்ணன் போவட்டும். வேணாம்னு சொன்னவரு வந்து கூப்பிட்டாத்தான் அவ வருவா" என்றான்.

சின்னப்பா ஒரு பை அவரைக்காயோடு பஸ் ஏறினான். ஜீவனஹள்ளியில் இறங்கி மூன்று பேரிடம் வழி கேட்டு, மூன்று பேரும் மூன்று பக்கம் கைகாட்ட, கடைசியில் குழாயடி வரிசையில் அவளைக் கண்டுபிடித்தான். அவளுக்கு முன்னால் ஒரு தெருவுக்கான குடங்கள் நின்றன.

"இதுதான் உன் புருசன் சொன்ன குழாவா?" என்றான். "திருப்பினா தண்ணியின்னானே?"

"திருப்பினா வரும். திருப்பறதுக்குத்தான் நிக்கிறோம்" என்றாள். "இன்னாண்ணா இவ்வளோ தூரம்? அண்ணி நல்லாருக்குதா?"

"அவளுக்கென்ன. வாய் நல்லாருக்குது." பையை நீட்டினான். "அவதான் குடுத்தா. நான் குடுக்கல."

அவள் ஒரு காயை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தாள். வரிசை நகர்ந்தது. அவள் குடத்தை அவன் காலாலேயே முன்னுக்குத் தள்ளினான். பின்னால் நின்ற பெண் ஒருத்தி, "யோவ், ஆம்பள, நீ எங்க நடுவுல பூர்றே?" என்று கேட்க, "நான் தண்ணிக்கு வரல தாயி, இவளுக்கு வந்தேன்" என்றான். அதற்கு எழுந்த சிரிப்பில் சந்திரம்மாவும் சேர்ந்துகொண்டாள். ஐப்பசிக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

பங்கு வைத்த விஷயத்தை அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஊரு சொல்லுது. நான் வேணாம்னுதான் சொன்னேன். அதையும் சொல்லிட்டேன், அப்புறம் மத்தவங்க சொல்லித் தெரிய வேணாம்."

"நீங்களும் குடுக்கறீங்களா?"

"குடுக்கறேன்னுதானே வந்து நிக்கிறேன்."

குடம் நிறைந்தது. அதை அவள் தூக்கிப் பின்னால் நின்ற பெண்ணின் காலி அண்டாவில் ஊற்றிவிட்டு, "பஸ்ஸு எத்தினி மணிக்கு?" என்று கேட்டாள்.

பச்சைமுத்து சாயங்காலம் வந்து விஷயத்தைக் கேள்விப்பட்டான். பிறகு சனிக்கிழமைப் பஸ்ஸுக்காகத் தன் சட்டையைத் துவைத்துப் போட்டான். இதைவிடப் பெரிய சம்மதத்தை அவனிடம் எதிர்பார்க்க முடியாது.

அதன்பிறகு சில வருஷங்கள் சந்திரம்மா ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்த துண்டுகளில் பயிர் வைத்தாள். காலையில் ஒரு மூலை, மத்தியானம் இன்னொரு மூலை. நடுவே கிடைத்த நேரத்தில் தன் நிலத்து மணலைக் கூடைகூடையாக வாரினாள். வாராத இடத்தில் சர்க்கரைவள்ளிக் கொடி போட்டாள். மணலுக்கு அது நன்றாகவே வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பச்சைமுத்துவும் கூடை தூக்கினான், முணுமுணுத்துக்கொண்டே. கோடிக்கு ஊர் ஒரு புது ஏற்பாடு செய்தது. மழை குறைந்த வருஷத்தில் கல்லின்மேல் பலகை வைத்துக்கொள்ளலாம், மண் மட்டும் அணைக்கக்கூடாது. பலகையை எப்போது எடுப்பது என்பதைக் கோடிக்குக் கீழே நிலம் உள்ளவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. அந்த வார்த்தையைச் சந்திரம்மா ஒவ்வொரு ஐப்பசியிலும் சற்று முன்கூட்டியே சொன்னாள். தண்ணீர் வீணாகப் போகிறதே என்று சிலர் வாய்க்குள் சொன்னார்கள். அது உண்மையும்கூட. கங்கம்மாவுக்கு மறுபடி ஆடு கிடைத்தது.

அறுபத்தொன்றில் அவள் முக்கால் ஏக்கரும் பழையபடி நெல் கொடுத்தது. அறுவடை முடிந்ததும் வெற்றிலை பாக்கோடு ஒவ்வொரு வீடாகப் போய்த் துண்டுகளைத் திருப்பிக் கொடுத்தாள். எல்லாம் நல்ல நிலமாகத்தான் கொடுத்திருந்தார்கள். சின்னப்பா கொடுத்தது மட்டும் வேறு. அவன் நிலத்தின் மூலையில் ஒரு புளியமரம். அதன் நிழல் விழுகிற துண்டு. அங்கே எதுவும் உருப்படியாக விளையாது என்பது அவனுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். கொடுத்த நாளிலேயே இரண்டு பேரும் அதை மரத்தோடு சேர்த்துப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

அந்த வீட்டுக்கு மட்டும் அவள் வெற்றிலை பாக்கு கொண்டுபோகவில்லை. சின்னப்பா இரண்டொரு நாள் வாசலில் எதிர்பார்த்தான். பிறகு லட்சுமம்மாதான் சந்திரம்மாவை ஏரிக்கரையில் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, ஊர்ல எல்லாருக்கும் குடுத்துட்டியாமே. எங்க புளியமரத்தடிய வெச்சுக்குனு இன்னா பண்ணப் போறே? கோழிகூட அங்க மேயாது."

சந்திரம்மா துணியைப் பிழிந்து உதறினாள். "அது இருக்கட்டும் அண்ணி. வேணாம்னு சொன்னவரு வந்து கூப்பிட்டுக் குடுத்தது" என்றாள்.

ஆடி பிறந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, தன் சொந்த நிலத்துக்குப் போகும் முன்பே, சின்னப்பாவின் வரப்பு வழியாக நடந்து போய் அந்த மரத்தடியைக் கொத்த ஆரம்பித்தாள்.